ஒரே மாத்திரை, ஒரே இடம்

கேள்வி

காய்ச்சலுக்கென்று மாத்திரை ஒன்றை விழுங்கிய சில மணி நேரத்துக்குள் கீழுதட்டின் ஓரத்தில் சுருக்கென்று எரிச்சல் கண்டு, அவ்விடம் காசளவு வட்டமாகச் சிவந்து தடித்து, ஒரு வாரத்தில் தானே அடங்கி, அடங்கிய இடத்தில் கருநீலத் தழும்பை விட்டுச் செல்வதையும், பல மாதங்கள் கழித்து மறுபடி ஏதோ உபாதைக்கு மருந்து உட்கொண்ட அன்றே அந்தத் தழும்பு மட்டும் மீண்டும் சிவந்து எழுவதையும் நம்மில் பலர் தம் உடம்பிலேயோ, தம் வீட்டாரின் உடம்பிலேயோ கண்டிருக்கக்கூடும். விழுங்கிய மருந்து வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை சரீரம் முழுவதும் ஒன்றுபோலவே பரவுகிறது. உதட்டுக்கு ஒரு பங்கும் முழங்காலுக்கு ஒரு பங்கும் என்று அது பாரபட்சம் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, இத்தனை விசாலமான சருமத்தில் அந்த ஒரு வட்டம் மட்டும் ஏன் எரிகிறது? ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஏன் எரிகிறது?

இக்கேள்விக்கு விடை காண்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். விடை தெரிந்தவர்கள் தம் உடம்பைக் காத்துக்கொள்ளும் வழியையும் அதனுடனேயே தெரிந்துகொள்வார்களாதலால், சற்று நிதானமாகவே பார்ப்போம்.

காணாக்கடி என்னும் பழி

காரைக்கால் நகரை ஒட்டிய தலத்தெருவிலும், அதைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களிலும், காவிரிப் படுகை நெடுகிலும் இத்தகைய தடிப்புக்கு ஜனங்கள் சொல்லும் காரணங்கள் பல. இரவில் பூச்சி ஏதோ ஊர்ந்திருக்கும் என்பார் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத ஜந்து தீண்டிய காணாக்கடி என்பார் இன்னொருவர். உடம்புச் சூடு என்றும், முந்தின நாள் உண்ட கத்தரிக்காயும் கருவாடும் சேரவில்லை என்றும் வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். மந்திரிப்பதும், வேப்பிலை அரைத்துப் பூசுவதும், பத்தியம் இருப்பதும் தொடங்கும். ஏழெட்டு நாளில் தடிப்பு அடங்கிவிடும். மந்திரித்தவருக்கோ பத்தியத்துக்கோ அந்தப் பெருமை சேர்ந்துவிடும்.

இவர்களை அறியாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். உண்ட பொருளுக்கும் தோலில் எழுந்த தடிப்புக்கும் சம்பந்தம் உண்டென்று அவர்கள் ஊகித்தது முற்றிலும் சரி. உண்டவற்றின் பட்டியலில் மாத்திரையைச் சேர்க்க மறந்தார்கள். பிழை அந்த ஓரிடத்தில்தான் நேர்ந்தது. நோயைத் தீர்க்க வந்த ஔஷதமே உபத்திரவத்துக்குக் காரணமாகும் என்று மனம் எளிதில் நம்புவதில்லை.

பாரிஸ் நகரில் 1894

வைத்திய நூல்களில் இந்த விசித்திரம் இடம்பெற்ற வரலாறு காய்ச்சல் மருந்தோடேயே ஆரம்பமாகிறது. ஜெர்மானிய ரசாயன அறிஞர் லுட்விக் நோர் 1883-இல் ஆன்டிபைரின் என்னும் மருந்தை ஆக்கினார். காய்ச்சலையும் வலியையும் தணிக்க ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட முதல் மருந்துகளுள் ஒன்றாகிய அது வெகு சீக்கிரத்தில் எங்கும் பரவியது. அதை உட்கொண்டவர்களுக்குத் தோலில் தடிப்புகள் தோன்றுவதை 1889-இல் போர்ன்ஸ் என்னும் மருத்துவர் குறித்து வைத்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1894-இல், பாரிஸ் நகரத்துச் சரும வைத்தியர் லூயி புரோக், அத்தடிப்புகள் திரும்பத் திரும்ப அதே இடத்தில் எழுவதையும், நிறக்கறை விட்டுச் செல்வதையும் கூர்ந்து கவனித்து, இந்நோய்க்கு ‘நிலையானது’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினார். 1739 முதல் 1954 நவம்பர் வரை, இடையே சில காலம் நீங்கலாக, காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால், புரோக் பாரிஸில் இதை எழுதியபோது தலத்தெருவும் அவருடைய தேசத்தின் ஆட்சிக்குள்தான் அடங்கியிருந்தது.

நாம் இந்நோயை ‘இடம் மாறா மருந்துத் தடிப்பு’ என்று வழங்குவோம்.

தலத்தெருக்காரர் ஒருவர்

தெளிவின் பொருட்டு ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தலத்தெருவில் சிறிது நன்செய் வைத்துச் சாகுபடி செய்யும் ஐம்பது வயதுக்காரர் அவர். அவரை நாம் விவசாயி என்றே அழைக்கலாம்.

ஐப்பசி மழையில் நனைந்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. மருந்துக்கடைக்குச் சென்று ‘காய்ச்சலுக்கு ஒரு செட்’ என்று கேட்டார். கடைக்காரர் நான்கு அட்டைகளிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவற்றில் ஒன்று பாராசிட்டமால். ஒன்று கோட்ரைமாக்சசோல் என்னும் சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி. மற்ற இரண்டும் சளிக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உரியவை. ஐந்து நாள் உண்டார். ஒரு தீங்கும் நேரவில்லை. தை மாதத்தில் மீண்டும் காய்ச்சல் வந்தது. அதே செட்டை வாங்கி, இரவு உணவுக்குப் பின் விழுங்கிப் படுத்தார். விடியும்போது கீழுதட்டின் வலது ஓரத்திலும் இடது மணிக்கட்டிலும் எரிச்சலோடு கூடிய சிவந்த வட்டங்கள். பயந்துபோய் மீதியை உண்ணாமல் வைத்துவிட்டார். வட்டங்கள் அடங்கிக் கறுத்தன.

பங்குனியில் முழங்கால் வலிக்காகப் பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் உட்கொண்டார். தழும்புகள் அசையவில்லை. ஆனியில், மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் அலைந்து வந்தபின் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, மெட்ரோனிடசோலும் கோட்ரைமாக்சசோலும் உட்கொண்டார். மூன்று மணி நேரத்துக்குள் உதட்டுத் தழும்பும் மணிக்கட்டுத் தழும்பும் கனன்று எழுந்தன, முதுகில் புதிதாக மூன்றாவது வட்டமும் தோன்றியது.

இப்போது நியாயாதிபதியைப் போல் சாட்சியங்களை நிறுத்துப் பார்ப்போம். தையிலும் ஆனியிலும் தடிப்பு எழுந்தது; அவ்விரு தடவையும் உட்கொண்ட மருந்துகளில் பொதுவாக இருந்தது கோட்ரைமாக்சசோல் ஒன்றே. பாராசிட்டமால் தையில் இருந்ததாயினும், பங்குனியில் அதை உண்டபோது ஒன்றும் நேராதபடியால் அதன்மேல் குற்றம் நிற்பது அரிது. மெட்ரோனிடசோல் ஆனியில் மட்டுமே வந்தது. தைத் தடிப்புக்கு அது பொறுப்பாகாது. ஆகவே குற்றவாளி கோட்ரைமாக்சசோலே என்று பெரும்பாலும் துணியலாம். இந்த எளிய விசாரணைக்கு வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு தடவையும் உண்ட மருந்துகளின் பெயர்கள். காகிதத்தில் மடித்து வந்த பெயரற்ற மாத்திரைகளை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் இந்தக் கணக்கைப் போட முடியாது. மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நம் ஜனங்கள் கேட்டுப் பெறவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஐப்பசியில் ஐந்து நாள் உண்டும் ஏன் ஒன்றும் நேரவில்லை என்று வாசகர் கேட்கலாம். உடம்பு ஒரு பொருளை அந்நியமென்று கற்றுக்கொள்ள ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கற்றபின் எதிர்க்க அரை மணியிலிருந்து எட்டு மணி நேரமும், சில சமயம் ஒரு நாளும் போதும். முதல் தடவை பாடம். இரண்டாம் தடவை செயல். ‘முன்பு உண்டபோது ஒன்றும் ஆகவில்லையே’ என்ற சமாதானம் இந்தக் காரணத்தால் செல்லாது.

கரை உடைந்த இடத்தில் காவல்

நம் இரத்தத்தில் டி உயிரணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமி புகுந்த உயிரணுக்களை இனங்கண்டு அழிப்பது அவற்றுள் ஒரு பகுதியின் தொழில். வேலை முடிந்தபின் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோக, எஞ்சிய சில, பகைவனின் அடையாளத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நெடுங்காலம் வாழ்கின்றன. அப்படி எஞ்சியவை யாவும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்றே வெகுகாலம் கருதினார்கள். ஆனால் ஒரு பகுதி இரத்தத்துக்குத் திரும்பாமல், சண்டை நடந்த தோலிலேயே, அதுவும் மேல்தோலின் அடி வரிசையிலேயே குடியிருந்துவிடுகிறது என்பது பின்னால் வெளிப்பட்டது. டோக்கியோவிலுள்ள கியோரின் பல்கலைக்கழகத்தில் டெட்சுவோ ஷியோஹாராவும் யோஷிகோ மிசுகாவாவும், அவர்களுடன் உழைத்தவர்களும், இடம் மாறா மருந்துத் தடிப்பின் தழும்புகளை ஆராய்ந்து, சிவப்பு அடங்கிய நிலையிலும் அங்கே இத்தகைய உயிரணுக்கள் தங்கியிருப்பதையும், மருந்து மீண்டும் வந்ததும் வெளியிலிருந்து படை வருமுன்னரே அவை விழித்தெழுந்து இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரப்பதையும் காட்டினார்கள். அவர்களுடைய முக்கியமான கட்டுரை ஒன்று 2002-இல் வெளிவந்தது.

அரசலாற்றில் வெள்ளம் வந்து கரை ஓரிடத்தில் உடைப்பெடுத்தால், அடைத்தபின்னும் ஊரார் அடுத்த மழைக்காலத்தில் அந்த இடத்திலேயே ஆள் போட்டுக் காவல் காப்பார்கள். ஆற்றின் நீளம் முழுவதற்கும் அவ்வளவு காவல் கிடையாது. தோலிலும் நடப்பது இதுவே. முன்பு காயமோ, தீப்புண்ணோ, பூச்சிக்கடியோ, அக்கிக் கொப்புளமோ கண்ட இடத்தில் இத்தடிப்பு எழுவதை வைத்தியர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். காவல் உயிரணுக்கள் கிருமியை எதிர்பார்த்து அங்கே நிற்கின்றன. தோலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு புதிய உருவம் பெறும் மருந்துத் துணுக்கை அவை பகைவனென்று கொள்கின்றன. கொண்டவுடன் அருகிலுள்ள மேல்தோல் உயிரணுக்களையே தாக்கிக் கொல்கின்றன. மருந்து உடம்பெங்கும் ஓடுகிறது. அதைப் பகையென்று அறிந்த காவல் அந்த வட்டத்தில் மட்டும் நிற்கிறது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

தடிப்பு ஏன் ஒரு வாரத்தில் அடங்குகிறது என்பதும் இங்கே விளங்கும். தாக்குதல் தொடங்கிய சிறிது காலத்தில், அதைத் தணிக்கும் தொழிலுடைய வேறு வகை டி உயிரணுக்கள் இரத்தத்திலிருந்து அவ்விடம் வந்து சேர்கின்றன. மருந்தும் நின்றுவிட்டால் கிளர்ச்சி ஓய்கிறது.

கறை ஏன் மாறுவதில்லை

நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் கருநிறமி மேல்தோலில் இருப்பது. மேல்தோல் உயிரணுக்கள் மடியும்போது அந்நிறமி கீழே சிந்தி அடித்தோலில் இறங்குகிறது. அங்குள்ள துப்புரவு உயிரணுக்கள் அதை விழுங்கி, கரைக்க இயலாமல் சுமந்துகொண்டு கிடக்கின்றன. மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது, அடித்தோல் அப்படியன்று. எனவே கறை மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நிற்கிறது. நம்மைப் போன்ற கருநிற மேனியரிடம் இன்னும் அழுத்தமாகவே நிற்கிறது. மேலே பூசும் வெளுப்புக் களிம்புகள் அந்த ஆழத்துக்குச் சென்று உதவுவது மிக அரிது. அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாமென்றே சொல்வேன்.

தழும்பே தரும் சாட்சி

காவல் தோலிலேயே இருக்கிறது என்பதற்குச் சரும வைத்தியர்கள் செய்யும் ஒரு பரிசோதனை அழகான அத்தாட்சி. சந்தேகத்துக்குரிய மருந்தைக் களிம்பில் கலந்து, பழைய தழும்பின்மேல் ஒரு துணுக்கும், முதுகில் நல்ல தோலின்மேல் ஒரு துணுக்குமாக ஒட்டி வைக்கிறார்கள். மருந்து அதுவேயாயின், பல சமயங்களில் தழும்பு சிவக்கிறது. நல்ல தோல் சும்மா இருக்கிறது. ஒரே உடம்பு, ஒரே மருந்து, இரண்டு விடைகள்.

ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தடிப்பு கிளர்ந்து அடங்கியதை அடுத்துச் சில காலம் அவ்விடம் களைத்துப்போனதுபோல் மருந்துக்கு மறுமொழி தராமல் இருப்பதுண்டு. நம் விவசாயி தைத் தடிப்பு அடங்கிய சில நாளில், மிஞ்சிய மாத்திரையை வீணாக்குவானேன் என்று விழுங்கியிருந்தால் ஒன்றும் நேராமல் போயிருக்கக்கூடும். அந்த மருந்து நிரபராதி என்று அவர் முடிவு கட்டியிருப்பார். ஆகையால் வீட்டில் தாமே உண்டு பார்த்துச் சோதிப்பது ஆபத்து மட்டுமன்று, பொய்யான விடையும் தரும். சோதனை தேவையானால் அது மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும்.

புதுச்சேரியில் எடுத்த கணக்கு

1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததும், இப்போது காரைக்காலிலும் கிளைக் கல்லூரி உடையதுமான ஜிப்மர் நிறுவனத்தில், டேவிட் புதுக்காடன், தேவிந்தர் மோகன் தப்பா என்னும் சரும மருத்துவர் இருவர், மருந்தால் தோலில் விளைந்த கோளாறுகளோடு வந்த 90 நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். அவர்களுள் 31.1 சதவீதத்தினருக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோருக்கு, இருந்தது இடம் மாறா மருந்துத் தடிப்பே. வேறெந்த வகையும் அவ்வளவு இல்லை. காரணமான மருந்துகளில் முதலிடம் கோட்ரைமாக்சசோலுக்கு, 22.2 சதவீதம். அடுத்து, தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், 17.7 சதவீதம். நம் விவசாயியை நான் கற்பனை செய்தேனாயினும் அவருக்கு நேர்ந்தது கற்பனையன்று என்பதற்கு, நம் வட்டாரத்திலேயே எடுத்த இக்கணக்கு போதும்.

வலி மாத்திரைகள், டெட்ராசைக்ளின் வகைக் கிருமிக்கொல்லிகள், வயிற்றுப்போக்குக்கு உண்ணும் மெட்ரோனிடசோல், அதன் இனமான ஆர்னிடசோல் ஆகியவையும் இத்தடிப்பை உண்டாக்கக்கூடியவை. சிலருக்குப் பாராசிட்டமாலே ஒவ்வாது.

இன்னொன்றும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். இத்தடிப்பு உதட்டிலும் கையிலும் போலவே மறைவிடத்திலும் அடிக்கடி எழும் இயல்புடையது. அதைப் பால்வினை நோயென்று எண்ணிக் கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் சந்தேகித்து மனம் புண்படுவது கொடுமை. மருந்து உண்ட சில மணி நேரத்தில் எழுந்து, வாரத்தில் அடங்கிக் கறுத்து, மீண்டும் மருந்துண்டபோது அதே இடத்தில் திரும்புமானால், அது ஒழுக்கத்தின் குற்றமன்று, மாத்திரையின் விளைவு என்று மருத்துவர் வாயால் கேட்டுத் தெளிவது இருவருக்கும் நல்லது.

எரியும் நாட்களைக் கடத்துவது

காரணமான மருந்தை நிறுத்துவதே சிகிச்சையின் முக்கால் பங்கு. எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். காசநோய், தொழுநோய், வலிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் அரிப்புக் கண்ட மாத்திரத்தில் தாமாக நிறுத்திவிட்டால், நின்ற மருந்தால் வரும் கேடு அரிப்பைவிடப் பெரிதாகும். அன்றைக்கே மருத்துவரிடம் செல்வதுதான் வழி.

எரியும் இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றிக்கொள்ளலாம். தோல் உடையாமலிருந்தால் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவலாம். சோப்பும் பீர்க்கங்கூடும் அங்கே வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, தளர்ந்த பருத்தித் துணி உடுத்தினால் சொறியும் ஆசை குறையும். கொப்புளம் எழுந்திருந்தால் அதைக் குத்துவதும், சுண்ணாம்போ மஞ்சளோ அப்புவதும் கூடாது. உப்பங்காற்றும் வெயிலும் மிகுந்த நம் கடற்கரையில், தொப்பியோ தலைத்துண்டோ இன்றி வெளியே அலைந்தால் முகத்துக் கறை இன்னும் கறுக்கும்.

மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதிக்கொடுத்தால் அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசுங்கள். அதே களிம்பைக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசி, தோல் மெலிந்து, இரத்தக்குழாய் தெரிந்து, பரு வெடித்துத் துன்பப்படுவோர் நம் நாட்டில் ஏராளம்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

இதுவரை சொன்ன தடிப்பு பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆனால் மருந்தால் வரும் தோல் கோளாறுகள் எல்லாம் அப்படியல்ல. தடிப்போடு காய்ச்சல் ஏறினாலும், கண் சிவந்து உறுத்தினாலும், வாயினுள் புண்கள் தோன்றினாலும், அரிப்பைவிட வலி மிகுந்து, தொட்டால் தோல் உரிந்து வந்தாலும், அது 1922-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டீவன்ஸும் ஜான்சனும் விவரித்த கொடிய நோயாக இருக்கலாம். முகமும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினால் அது வேறொரு அவசரம். இவ்விரண்டிலும் மந்திரிக்கவோ மறுநாள் பார்க்கலாமென்று இருக்கவோ நேரமில்லை. உட்கொண்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இடம் மாறாத் தடிப்பும்கூட, அதே மருந்தைத் திரும்பத் திரும்ப உண்டால், தடவைக்குத் தடவை வட்டங்கள் பெருகி, உடம்பெங்கும் கொப்புளிக்கும் நிலைக்குப் போவதுண்டு.

பெயரை எழுதி வையுங்கள்

தோல் இடத்தை மறப்பதில்லை. மருந்தின் பெயரை ஞாபகம் வைத்திருப்பது அதனால் ஆகாத காரியம். அதை நாம்தான் செய்யவேண்டும். செப்ட்ரான் என்றாலும் பாக்ட்ரிம் என்றாலும் உள்ளே இருப்பது கோட்ரைமாக்சசோலே. ஆகவே வியாபாரப் பெயரோடு நின்றுவிடாமல், அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரையும் மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எந்த மருத்துவரைக் கண்டாலும், எந்த மருந்துக்கடையில் நின்றாலும் அதை முதலில் காட்டுங்கள். கத்தரித்து மடித்த மாத்திரைகளை வாங்காமல் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும் அட்டையாகக் கேளுங்கள். மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்டுவதற்கென 2010-இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்துக்கு, மருத்துவர் மட்டுமின்றி, மருந்துண்ட எவரும் தமக்கு நேர்ந்ததைத் தெரிவிக்கலாம். காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துநெறி ஆணையம் அதை நடத்துகிறது. கட்டணமின்றி அழைக்கக்கூடிய எண் 1800-180-3024.